சதுர அடி 22 ரூபாய்: மதுரையில் பெயிண்டிங் காண்ட்ராக்டர்களைத் தேடிப் போனபோது

மதுரை காளவாசல் மேம்பாலத்துக்குக் கீழே காலை ஆறே முக்காலுக்கு ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். கொத்தனார்கள் ஒரு பக்கம், சித்தாள் பெண்கள் தூக்குவாளியோடு கொஞ்சம் தள்ளி, டீக்கடை ஓரமாகப் பெயிண்டர்கள். பெயிண்டரை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. கட்டைப்பையில் ஒரு பழைய சட்டை சுருட்டியிருக்கும். அந்தச் சட்டையில் நாலைந்து வீட்டுச் சுவர்களின் நிறம் இருக்கும். நான் போய் நின்றதுமே மூன்று பேர் நெருங்கி வந்தார்கள். "பெயிண்ட் வேலையாக்கா? எந்தப் பக்கம்? பட்டி பாக்கணுமா, வெறும் கோட்டிங்கா?"

சம்மட்டிபுரத்தில் என் அத்தை வீட்டுக்கு உள்பக்கம் மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டும். இரண்டு படுக்கையறை உள்ள சின்ன வீடு. அதற்கு மூன்று பேர் வந்து பார்த்து மூன்று விலை சொல்லியிருந்தார்கள். ஒருவர் கூலி மட்டும் 37,800 ரூபாய் என்றார். இன்னொருவர் சாமானோடு சேர்த்து 69,300. மூன்றாவது ஒரு கம்பெனி, ஜி.எஸ்.டி.யோடு 94,164. ஒரே சுவர், ஒரே வேலை. 69,300 சொன்னவர் போகும்போது அத்தையிடம், "நாங்க கவர்மென்ட் லைசன்ஸ் உள்ளவங்கம்மா, ரோட்டுல நிக்கிற ஆள் மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க என்ன லைசன்ஸ், அதை யார் கொடுக்கிறார்கள் என்று எனக்குக் கேள்வி வந்தது. விலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது அடுத்த கேள்வி. அதனால்தான் ரோட்டில் நிற்கிற ஆட்களிடமே முதலில் போனேன்.

கூலியைக் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும் ஒருவர் நிதானமாகச் சொன்னார். "வீட்டுக்காரங்க நேராக் கூப்பிட்டா ஆயிரத்து நூறு. கையாளுக்கு எண்ணூறு. காண்ட்ராக்டர் கூப்பிட்டா எனக்கு ஆயிரம்தான். ஆனா அவரு மாசத்துல இருபது நாள் வேலை குடுப்பாரு, இங்க நின்னா பத்து நாள்கூட நிச்சயமில்ல." ஒன்பது மணிக்குத் தொடங்கி ஐந்தரை வரை. இரண்டு வேளை டீ வீட்டுக்காரர் பொறுப்பு. பொங்கலுக்கு முந்தைய ஒரு மாதம் கூலி நூறு, நூற்றைம்பது ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வெளிச்சுவர் வேலையே கிடையாது. அந்த மாதங்களில் உள்வேலைக்கு இதே ஆட்கள் கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வருவார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

"அண்ணே, உங்ககிட்ட லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டை. வாரியம் 1994-இல் வந்தது. கொத்தனார், தச்சர், கம்பி வளைப்பவர் போலவே பெயிண்டரும் அதில் சேரலாம். வயது 18-இலிருந்து 60-க்குள் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, கல்யாணத்துக்கு உதவி, வேலையிடத்தில் விபத்து நடந்தால் இழப்பீடு, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையை வைத்துத்தான். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். புதுப்பிக்க வேண்டிய தேதி போன வருடமே முடிந்திருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். "அதுக்கு ஒரு நாள் வேலையை விடணும்க்கா" என்றார். சுற்றி நின்ற எட்டுப் பேரைக் கேட்டதில் மூவரிடம்தான் அட்டை இருந்தது. அதிலும் செல்லுபடியாகும் அட்டை ஒன்றுதான்.

இந்த அட்டை தொழிலாளிக்குப் பாதுகாப்பு. அவருக்கு வேலை தெரியும் என்று யாரும் சோதித்துப் பார்த்துக் கொடுத்த சான்று என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. லைசன்ஸ் என்று நான் தேடி வந்தது இங்கே இல்லை.

காளவாசலில் இருந்து பழங்காநத்தம் பக்கம் போகும் பைபாஸ் ரோட்டில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 69,300 சொன்ன காண்ட்ராக்டரின் அலுவலகம். டைல்ஸ் கடைக்கும் ஒரு மெஸ்ஸுக்கும் நடுவில் பத்துக்குப் பத்து அறை. போர்டில் 'அரசு அங்கீகாரம் பெற்ற பெயிண்டிங் காண்ட்ராக்டர்' என்று எழுதியிருந்தது. உள்ளே மேஜை மேல் ஷேடு கார்டுகள் விசிறியாக விரிந்து கிடந்தன. மூலையில் காலிப் பக்கெட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இருந்தன. அவர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அத்தை வீட்டைச் சொன்னதும் நோட்டைப் புரட்டி, "உள்பக்கம், பட்டி ரெண்டு கோட்டு, பிரைமர் ஒண்ணு, எமல்ஷன் ரெண்டு. சதுர அடி 22 ரூபா, மெட்டீரியலோட. உங்களுக்குன்னு குறைச்சுப் போட்டதும்மா" என்றார்.

லைசன்ஸைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த சட்டகத்தைக் காட்டினார். எழுந்து பக்கத்தில் போய்ப் படித்தேன். அது உத்யம் பதிவுச் சான்றிதழ். சிறு தொழில் செய்யும் யாரும் ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் தாங்களே விவரம் கொடுத்து எடுத்துக்கொள்வது, கட்டணம் கிடையாது, 2020 ஜூலையில் வந்த முறை. வங்கிக் கடன் வாங்க உதவும். அரசு முத்திரையோடு இருக்கும். ஆனால் பட்டி பார்க்கத் தெரியுமா, சாரம் கட்டத் தெரியுமா என்று அதில் யாரும் கேட்பதில்லை.

"இதுதான் லைசன்ஸா?" என்றேன். "கவர்மென்ட் குடுத்ததுதானம்மா" என்றார். அவர் ஏமாற்றுவதாக எனக்குப் படவில்லை. அவர் அதை அப்படித்தான் நம்புகிறார். கேட்கிற வீட்டுக்காரர்களும் சட்டகத்தைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் தலையாட்டி இருப்பார்கள்.

உண்மை நிலவரம் இதுதான். தமிழ்நாட்டில் ஒரு தனியார் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க, தொழில்திறனைச் சோதித்துக் கொடுக்கும் உரிமம் என்று ஒன்று இல்லை. அதே வீட்டில் ஒயரிங் செய்பவருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் வேண்டும். சுவருக்கு நிறம் பூசுகிறவருக்கு அப்படி எதுவும் கேட்பதில்லை. பொதுப்பணித் துறை வேலை எடுக்க வேண்டுமானால் அங்கே ஒப்பந்ததாரராகப் பதிய வேண்டும், இத்தனை லட்சம் வரை இன்ன வகுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். அது அரசுக் கட்டடத்துக்கு. ஆட்களை வைத்து வேலை வாங்குகிற காண்ட்ராக்டருக்கு 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி தொழிலாளர் துறை உரிமம் தேவைப்பட்டது, ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால்தான். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத் தொகுப்பில் வரம்பு 50 பேர். நாலு பேரை வைத்து வீடு வீடாகப் பெயிண்ட் அடிப்பவர் இரண்டிலும் வரமாட்டார். ஐ.டி.ஐ.யில் பெயிண்டர் என்று ஒரு படிப்பே இருக்கிறது. அதைப் படித்தவரை அன்று காளவாசலிலும் பார்க்கவில்லை, பைபாஸ் ரோட்டிலும் பார்க்கவில்லை.

போர்டில் எழுதிய எழுத்தை வைத்து ஆளை எடை போடக் கூடாது என்று இங்கேயே முடிவு செய்தேன். இனி விலைதான் பாக்கி.

"ஜி.எஸ்.டி. உண்டா?" என்று கேட்டேன். "பில் வேணும்னா 18 பர்சன்ட் சேரும்" என்றார். அவருடைய பழைய ரசீது ஒன்றை வாங்கிப் பார்த்தேன். மேலே பெயர், போன் நம்பர், முருகன் படம். ஜி.எஸ்.டி. எண் இல்லை. எண் என்றால் 15 எழுத்து, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அடித்தால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாகப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. பதியாதவர் வரி என்று சொல்லி ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது. 69,300-க்கு 18 சதவீதம் என்றால் 12,474 ரூபாய். எண்ணே இல்லாத ரசீதில் இந்தப் பணம் எங்கே போகும் என்று கேட்டேன். பேச்சை மாற்றி, எந்தக் கடையில் சாமான் எடுப்பார் என்பதைச் சொன்னார். எனக்கு அதுவும் தேவைதான்.

கடை அங்கிருந்து அரைக் கிலோமீட்டர். ஷட்டருக்குள் காலை வைத்ததும் தின்னர் வாடை மூக்கில் ஏறியது. ஒரு பக்கம் சுவர் முழுக்கப் பக்கெட்டுகள், மறுபக்கம் பட்டி மூட்டைகள், நடுவில் நிறம் கலக்கும் மிஷின். ஷேடு நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் வெள்ளை பேஸில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விழுகிறது. பிறகு இன்னொரு மிஷின் பக்கெட்டைப் பிடித்து ஒரு நிமிடம் உலுக்குகிறது. கல்லா வரைக்கும் தரை அதிர்ந்தது. வெளிர் நிறம் என்றால் சாயத்துக்கு அதிகச் செலவில்லை. அடர் நீலம், சிவப்பு என்றால் பேஸே வேறு, விலையும் வேறு. ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் கேட்கிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

விலைகளைக் குறித்துக்கொண்டேன். பட்டி 40 கிலோ மூட்டை 900 ரூபாய். உள்சுவர் பிரைமர் 20 லிட்டர் 2,100. நடுத்தர எமல்ஷன் 20 லிட்டர் பக்கெட்டில் அச்சிட்ட விலை 4,950. கடைப் பையன் கேட்காமலே, "உங்களுக்கு 4,200 போடுறேன்க்கா" என்றான். காண்ட்ராக்டருக்கு இன்னும் குறையும். அச்சிட்ட விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் ஒரு பக்கெட்டுக்கே 750 ரூபாய் இருக்கிறது. 'மெட்டீரியல் எம்.ஆர்.பி. விலையில்' என்று ஒப்புக்கொள்கிற வீட்டுக்காரர் இந்த 750-ஐயும் சேர்த்துக் கொடுக்கிறார். கடை பில்லைக் கேட்டு வாங்குவது எவ்வளவு முக்கியம் என்பது அந்தக் கல்லா முன்னால் நின்றபோது புரிந்தது.

அதே நேரத்தில் ஒரு பெயிண்டர் வந்து மூன்று பக்கெட் எடுத்தார். அங்கேயே மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த சதுரக் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தார். டோக்கன். முன்பெல்லாம் தகரக் காசு மாதிரி டப்பாவுக்குள் கிடக்கும், கடையில் கொடுத்துப் பணம் வாங்குவார்கள். இப்போது புள்ளிகளாகப் பெயிண்டரின் கணக்கில் ஏறுகிறது. பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் இது உண்டு. விலை கூடிய பெயிண்டுக்குப் புள்ளியும் கூடுதல். இதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பெயிண்டருக்கு அது போனஸ் மாதிரி ஒரு வருமானம். ஆனால் "இந்தக் கம்பெனிதான் நிக்கும், அது உரிஞ்சிரும்" என்று நம்மிடம் சொல்கிறபோது, அந்தச் சிபாரிசுக்குள் டோக்கனும் இருக்கலாம் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

கீழ்த்தட்டில் இரும்பு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற எனாமல் டின்கள் இருந்தன. குனிந்து லேபிளைப் பார்த்தேன். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வாசகம் லேபிளில் இருக்க வேண்டும். பெயர் தெரிந்த டின்களில் இருந்தது. ஓரமாக இருந்த ஒரு மலிவு டின்னில், பெரிய எழுத்தில் நிறத்தின் பெயரும் விலையும் மட்டும் இருந்தது. ஈயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. "அது கேட்டுக்கு மட்டும் வாங்குவாங்கக்கா" என்றான் பையன். குழந்தைகள் முதலில் தொங்கி ஆடுவது கேட்டில்தான். அந்த டின்னை அத்தை வீட்டுக்குள் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கடையிலேயே 250 ரூபாய்க்கு ஒரு அளவு டேப் வாங்கிக்கொண்டு சம்மட்டிபுரம் போனேன். அன்றைக்குச் செய்ததில் மிக உருப்படியான வேலை இதுதான். அத்தை ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையை இழுக்க, அறை அறையாக அளந்தோம்.

ஹால் 16-க்கு 12 அடி, உயரம் 10. நாலு சுவரின் சுற்றளவு 56 அடி, உயரத்தால் பெருக்கினால் 560. மேல்தளம் 192. மொத்தம் 752 சதுர அடி. இப்படியே இரண்டு படுக்கையறை, சமையலறை, நடை, குளியலறைகளில் டைல்ஸுக்கு மேலே உள்ள பகுதி என்று எல்லாவற்றையும் கூட்டினால் 2,848 வந்தது. இதில் கதவு, ஜன்னல், சுவரோடு பதித்த அலமாரி, சமையலறை டைல்ஸ் எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. அவற்றில் பெயிண்ட் படப்போவதில்லை. அரசு வேலைகளில் இதற்கு ஒரு அளவு முறை இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1200 என்ற தொகுதியில் ஒரு பகுதியே வெள்ளையடிப்பு, பெயிண்டிங் அளப்பதற்கானது. அரைச் சதுர மீட்டர் வரையுள்ள சின்னத் திறப்பைக் கழிக்க வேண்டாம், சாதாரணக் கதவு ஜன்னல் அளவென்றால் இரண்டு முகத்தில் ஒரு முகத்தைக் கழிக்க வேண்டும், மற்ற முகம் கதவோரத்து விளிம்பு வேலைக்குச் சரியாகப் போகும். நியாயமான முறைதான். ஓரத்தில் பிரஷ் பிடித்து இழுப்பது நேரம் பிடிக்கிற வேலை. அந்த முறையில் கழித்தால் கதவு, ஜன்னலுக்கு ஏறக்குறைய 200, அலமாரிகளுக்கு 84, டைல்ஸுக்கு 72. மீதி 2,492 சதுர அடி.

அந்தக் காண்ட்ராக்டரின் நோட்டில் இருந்தது 3,150. எங்கிருந்து வந்தது என்பது அளந்து முடித்த பிறகுதான் பிடிபட்டது. வீட்டின் பரப்பு 900 சதுர அடி. அதை மூன்றரையால் பெருக்கியிருக்கிறார். உட்புறம் எவ்வளவு வரும் என்று தோராயமாகச் சொல்ல இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு அது. ஆனால் 900 என்பது சுவர்த் தடிமன், வாசல் திண்ணை, மாடிப்படி எல்லாம் சேர்ந்தது. அவர் அத்தை வீட்டுக்கு வந்தபோது டேப்பை எடுக்கவே இல்லை என்று அத்தை உறுதியாகச் சொன்னார். கூலி மட்டும் சொன்ன பெயிண்டரும் அதே 3,150-ஐத்தான் 12 ரூபாயால் பெருக்கியிருக்கிறார். லேசர் கருவியைச் சுவரில் காட்டி அளந்தது அந்தக் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் காகிதத்தில் 2,850 என்று இருந்தது, என் கணக்கில் கழிப்பதற்கு முன் வந்ததோடு இரண்டு சதுர அடிதான் வித்தியாசம். அவர்கள் விலை சதுர அடி 28, அதற்கு மேல் 18 சதவீத வரி, ஜி.எஸ்.டி. எண்ணும் காகிதத்தில் இருந்தது. விலை அதிகம், ஆனால் கணக்கு சுத்தம். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

3,150-க்கும் 2,492-க்கும் இடையே 658 சதுர அடி. 22 ரூபாய் வீதம் 14,476 ரூபாய். இல்லாத சுவருக்கு அத்தை கொடுக்க இருந்த பணம் அது. சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி அத்தை அவரோடு அரை மணி நேரம் பேரம் பேசியிருக்கிறார். அந்த ஒரு ரூபாய் கிடைத்திருந்தால் மிச்சம் 3,150.

சமையலறை மேடையில் உட்கார்ந்து அசல் செலவைப் போட்டுப் பார்த்தேன். பட்டி மூட்டையில் கிலோவுக்கு 20 சதுர அடி வரை வரும் என்று போட்டிருந்தது. பழைய சுவரில் 15 வந்தால் அதிகம் என்று காளவாசல் பெரியவர் சொல்லியிருந்தார். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய நாலு மூட்டை, 3,600. பிரைமர் 2,100. எமல்ஷன் 4,200. உப்புத்தாள், ரோலர், பிரஷ், மறைப்பு டேப் என்று ஒரு 900. சாமான் 10,800 ரூபாய். இரண்டு பெயிண்டர், ஒரு கையாள், ஒரு நாளைக்கு 3,000. சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, அடித்து முடிக்கப் பத்து நாள் என்றால் 30,000. ஆக 40,800. சரியான அளவுக்கு 22 ரூபாய் போட்டால் 54,824. நடுவில் இருக்கும் 14,000 சொச்சம் காண்ட்ராக்டருடையது. ஏணி, சாரம், வண்டி வாடகை, மழையால் போன நாள், ஆறு மாதம் கழித்து வந்து செய்யும் டச்சப், பாக்கிப் பணத்துக்கு அலைவது எல்லாம் அதற்குள் அடக்கம். அது அவருக்கு நியாயமான சம்பாத்தியம் என்றே நினைக்கிறேன். 22 ரூபாயில் எனக்குக் குறையே இல்லை.

மாலை நாலு மணிக்கு எஸ்.எஸ். காலனியில் அவருடைய ஆட்கள் வேலை செய்கிற ஒரு இரண்டு மாடி வீட்டைப் பார்க்கப் போனேன். முகவரி அவரே கொடுத்தது. உள்ளே பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தூசி புகைமூட்டமாக நின்றது. ஒருவர் மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார், மற்றவருக்கு அதுவும் இல்லை. புதுப் பட்டித் தூசிக்கே மூச்சு முட்டுகிறது. 2017-க்கு முன் அடித்த எனாமல் உள்ள பழைய கதவு, கிராதிகளை இப்படி உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசியில் ஈயமும் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்த இடத்தில் பழைய வெடிப்பின் கோடு பட்டிக்கு அடியில் தெரிந்தது. "எத்தனை கோட்டு தம்பி?" என்றேன். "ஒண்ணுதான்க்கா, ரெண்டாவது தேவைப்பட்ட எடத்துல மட்டும் டச்சப்." எங்களுக்கு நோட்டில் எழுதியிருந்தது இரண்டு.

வெளியே வந்து அண்ணாந்தேன். இரண்டாவது மாடி உயரத்தில், மேல்தளத்துத் தூணில் கட்டிய கயிறு, அதில் ஒரு பலகை, பலகையில் ஒரு பையன். பீகாரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறதாம். ஒரு கையில் ரோலர், மறுகை கயிற்றில். இடுப்பில் எதுவும் இல்லை. தலையில் ஒரு தொப்பி, வெயிலுக்குப் போடுகிற துணித் தொப்பி. காலையில் காண்ட்ராக்டரிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டபோது, "பெல்ட் எல்லாம் வாங்கிக் குடுத்திருக்கோம்மா" என்றார். வாங்கிக் கொடுத்தது உண்மைதான். கீழே நின்ற டாடா ஏஸ் வண்டிக்குள் பெயிண்ட் பக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் பெல்ட் இருந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். மேஸ்திரியிடம் காட்டினேன். "அதப் போட்டா கை வீசி அடிக்க முடியாது, வேலை ஓடாதுக்கா" என்றார். சதுர அடிக்குக் கூலி பேசும்போது வேலை ஓடுவதுதான் முக்கியமாகிவிடுகிறது. அந்தப் பையனுக்கு நல வாரிய அட்டையும் இல்லை. கேட்டதற்கு மேஸ்திரிதான் பதில் சொன்னார்.

எனக்கு அன்று முழுக்கப் பார்த்ததிலேயே மனசு ஆறாத இடம் இதுதான். அளவில் ஏமாந்தால் பணம் போகும், அடுத்த வருடம் சம்பாதித்துக்கொள்ளலாம். நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "காண்ட்ராக்ட் விட்டாச்சும்மா, அவங்க பொறுப்பு" என்றார். நான் நகராமல் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே மேஸ்திரியை அதட்டி, உறையைப் பிரித்து, பையனை மேலே இழுத்துப் பெல்ட்டை மாட்டவைத்தார். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாட்டிய பிறகும் பையன் ரோலரை முன்பு போலவே வீசித்தான் அடித்தான்.

திரும்பும் வழியில் பைபாஸ் ரோட்டு அலுவலகத்துக்கு மறுபடி போய், அளவுத் தாளைக் காண்ட்ராக்டரின் மேஜையில் வைத்தேன். அறை வாரியாகப் பார்த்தார். கால்குலேட்டரைத் தட்டினார். ஹால் அளவை இரண்டு முறை சரிபார்த்தார். "2,500-ன்னு வெச்சுக்கலாம்மா" என்றார். 55,000 ரூபாய். பட்டி இரண்டு கோட்டு முழுச் சுவருக்கும், தேய்த்த பிறகு நாங்கள் பார்த்துச் சரி சொன்னால்தான் பிரைமர். சாமான் கடை பில்லோடு வரும். டின்னை வீட்டில்தான் திறக்க வேண்டும். முன்பணம் நாலில் ஒரு பங்கு, கடைசிப் பத்தாயிரம் வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து. எல்லாவற்றையும் அவர் லெட்டர்பேடிலேயே தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. "இப்படி அளந்து வந்து கேக்குறவங்க ரொம்பக் கம்மிம்மா" என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ பெயிண்ட் அடிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், வீட்டு வேலைக்கு அப்படி ஒன்று கிடையாது. விலை கேட்பதற்கு முன் உங்கள் சுவரை நீங்களே அளந்துவிடுங்கள். வரி கேட்டால் எண்ணைக் கேளுங்கள். அவர் முடித்த வீடு ஒன்றைவிட, வேலை நடந்துகொண்டிருக்கிற வீடு ஒன்றைப் போய்ப் பாருங்கள். வேலைக்கு வருகிற பெயிண்டரிடம் நல வாரிய அட்டையைப் புதுப்பித்துவிட்டாரா என்று விசாரித்து, அதற்கு ஒரு நாள் விடுப்பும் அன்றைய கூலியும் கொடுங்கள். இடுப்பில் பெல்ட் இல்லாமல் யாராவது கயிற்றில் இறங்கினால், காண்ட்ராக்ட் யார் பெயரில் இருந்தாலும் சரி, அது உங்கள் வீடு. அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள்.